கொம்பு முளைக்குமுன்

நேற்று மாலையிலிருந்து ஏழாம் கூண்டுக்கு
நிமிடத்துக்குப் பூஜ்யம் கிராம் தீனி போயிருக்கிறது.
பிழை என்று ஒரு வரி இல்லை.
விளக்கெல்லாம் பச்சை.

துரோந்தூர்தான் கூப்பிட்டார்,
கால்ட்பாக் ஃபியோர்டில், மிதவையில் நின்றபடி.
ஃபோனில் காற்று பாதி, அவர் பாதி.
"உங்க திரை என்ன சொல்லுதோ எனக்குத் தெரியாது.
சால்மன் மூக்கைத் தூக்கிக்கிட்டு
என்னையே பாக்குது."
பிறகு மண்வாரியால் அள்ளி அள்ளி
அவர் வீசிய சத்தம்.
எந்தப் பதிவேட்டிலும் அது ஏறவில்லை.

ஹோக்னி வேலைக்குச் சேர்ந்து பதினோரு நாள்.
ஏழாம் கூண்டு அவன் எழுதிய கிளாஸ்.
ஒன்பது மணிக்கே மேலாளருக்கு
நான் அனுப்பிவிட்ட கடிதத்தில்
அவன் பெயர் இருந்தது.

நிறுத்திப் பார்த்தோம்: அறுநூற்று நாற்பது.
அச்சிட்டுப் பார்த்தோம்: அறுநூற்று நாற்பது.
எந்தக் கதவைத் திறந்தாலும் உள்ளே
குளித்துத் தலைவாரி உட்கார்ந்திருந்தது அந்த எண்.
பம்பு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.
முதலில் காதில் விழுந்ததே வேதம்
அதற்கு.

மூன்று மணிக்கு இருட்டியது.
ஃபாரோவில் டிசம்பர் அப்படித்தான்.
இருட்டிய பிறகு தெரிந்தது.

தாய் முதலில் கட்டப்படுகிறாள், சேய் அதற்கப்புறம்.
இது எங்களுக்குத் தெரியும், பரீட்சையில் எழுதியிருக்கிறோம்.
ஆனால் தாயின் கன்ஸ்ட்ரக்டரில், கடைசி வரியில்,
'ஊட்டு' என்று ஓர் அழைப்பு.
மற்ற ஆறு கூண்டும் தாயின் கையாலேயே உண்பவை.
ஏழு மட்டும் ஊட்டுவதைத் தன் போக்கில்
மாற்றி எழுதியிருந்தது;
ஆகவே சேய்தான் எழுந்தது.
எழுந்து தன் அளவைத் தேடித் துழாவியது.
அளவு இன்னும் பிறக்கவில்லை.
அது இருக்கவேண்டிய இடத்தில்
சுத்தமாய்த் துடைத்து வைத்த
பூஜ்யம்.
கிடைத்ததை எடுத்துக் கொடுத்தது.
பொய் என்று சொல்ல முடியாது.
கண்மூடித் திறப்பதற்குள் அறுநூற்று நாற்பது வந்து
தன் இருக்கையில் அமர்ந்தாயிற்று.
மறுபடி யாரும் கேட்கவில்லை.

பந்திக்கு முந்து என்பார்கள்.
முந்தினோம், இலை போடுமுன்னே.

ஜன்னலுக்கு வெளியே, தெருவிளக்கு எட்டும் சரிவில்,
மழையோடு மேய்ந்துகொண்டிருந்தது ஒரு கிடா.
முந்தி வந்த காதைவிடப்
பிந்தி வந்த கொம்பு உசத்தி.
சரிதான்.
கொம்பு முளைக்குமுன்
முட்டு என்று சொன்னது யார்?

அந்த வரியின் மேல் சுட்டியை வைத்தேன்.
ரன்வா, மூன்று வருடம் முன், ஒரு வெள்ளிக்கிழமை.
நான்தான்.

அப்போது வேறு மொழியில் எழுதினோம்.
அந்த மொழியில், தாய் எழும்பி முடிக்கும்வரை
பிறவாத சேயை எழுப்புவதில்லை;
அழைப்பு தாயின் கைக்கே திரும்பும்.
அவள் பாட்டுக்கு நானூறு கிராம் ஊட்டுவாள்.
குறைச்சல்தான், இருந்தாலும் ஊட்டுவாள்.
போன மாதம் வரிக்கு வரி மாற்றினோம்.
அரைப்புள்ளி பிசகவில்லை.
அதே சொல், அதே இடம்,
சொல்லுக்கு அடியில் ஓடிய முறை மட்டும் வேறு.

திருத்தம் ஒரே வரி.
அதை வெளியே எடுத்து வைத்தோம்:
முதலில் பிற. முழுதாக.
அதற்குப் பிறகு யாராவது வந்து கேட்டால், ஊட்டு.

மேலாளருக்கு இன்னொரு கடிதம் போட்டேன்.
தவறு என்னுடையது, தேதியோடு.
"பரவாயில்லை, புதுப் பையன், பழகிவிடுவான்" என்று
பதில் வந்தது.
ஹோக்னிக்கென்று அவரிடம் இருந்த காலி இடத்தில்
முதலில் விழுந்தது முதல் கடிதம்.

"இப்போ தின்னுது" என்றார் துரோந்தூர்.
ஏன் என்று கேட்கவில்லை.

திருத்தத்தின் அடியில்
இரண்டு பெயரையும் தட்டினான் ஹோக்னி,
என்னுடையதை முன்னால்.
மரியாதையா, கணக்கா,
நான் கேட்டுக்கொள்ளவில்லை.